காற்றை வெளியேற்றிக் கல்லை வார்த்தல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

வெற்றிடம் என்றால் ஒன்றுமில்லாத இடம் என்று பொருள். ஒன்றுமில்லாத ஒன்றை உண்டாக்குவதற்காக மனிதன் பம்பு செய்கிறான், மோட்டார் பூட்டுகிறான், மின்சாரத்துக்குப் பணம் கட்டுகிறான் என்றால் கேட்பவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் இன்றைய தொழிற்சாலைகளில் பல பொருள்கள் இந்த ஒன்றுமில்லாமையின் தயவால்தான் உருவாகின்றன. அவற்றுள் ஒன்று வார்ப்புக் கல். மருத்துவமனை மேசைகளிலும், பெரிய விடுதிகளின் கைகழுவும் தொட்டிகளிலும், பளிங்கைப் போலத் தோன்றியும் பளிங்கல்லாத, மூட்டே தெரியாத ஒரு பொருளைக் காண்கிறோம் அல்லவா? அதைத்தான் இங்கே வார்ப்புக் கல் என்கிறேன். வணிகர்கள் அதனைச் ‘சாலிட் சர்ஃபேஸ்’ என்பர். அதன் கலவையை வெற்றிடத்தில் கலப்பது ஏன், கலக்கும் எந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது, நாம் வகுப்பில் படித்த விதிகள் அதில் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வார்ப்புக் கல் என்பது யாது?

அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய டொனால்டு ஸ்லோகம் என்னும் வேதியியலறிஞர் 1967-ஆம் ஆண்டில் இப்பொருளை உருவாக்கினார். ‘கோரியன்’ என்னும் பெயரில் அது 1971-இல் விற்பனைக்கு வந்தது. பின்னர் வேறு பல நிறுவனங்களும் இதுபோன்ற பொருள்களைச் செய்யத் தொடங்கின.

இதில் இரண்டு முக்கியப் பொருள்கள் உள்ளன. எடையில் மூன்றில் இரண்டு பங்கு அலுமினியம் டிரைஹைட்ரேட் என்னும் வெண்தூள். இது பாக்சைட் என்னும் தாதுவிலிருந்து கிடைக்கிறது. நம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் இருக்கும் அதே பாக்சைட்தான். மீதி ஒரு பங்கு பிசின். உயர்ந்த வகையில் அக்ரிலிக் பிசினும், மலிவான வகையில் பாலியெஸ்டர் பிசினும் சேர்க்கிறார்கள். அக்ரிலிக் பிசினின் மூலப்பொருள் மெதில் மெதாக்ரிலேட் என்னும் நீர்மம். பாலியெஸ்டர் பிசினைக் கரைத்து வைத்திருப்பது ஸ்டைரீன் என்னும் நீர்மம். இந்நீர்மங்களின் சிறு மூலக்கூறுகள் ஒரு பெராக்சைடின் தூண்டுதலால் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாக மாறும்போது கலவை இறுகிக் கல்லாகிறது.

வெண்தூள் வெறும் நிரப்புப் பொருள் அன்று. அதன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 35 பங்கு நீர், வேதிப் பிணைப்பில் அடங்கியிருக்கிறது. சுமார் 200 பாகை சென்டிகிரேடுக்கு மேல் சூடேறினால் அந்நீர் ஆவியாகிப் பிரிந்து வெப்பத்தைத் தன்னோடு கொண்டு செல்கிறது. ஆகவே இக்கல் எளிதில் தீப்பிடிப்பதில்லை.

குமிழியால் என்ன கேடு?

பழைய முறையில் வார்க்கும் செயற்கைப் பளிங்குத் தொட்டிகளில் மேலே ‘ஜெல்கோட்’ என்னும் மெல்லிய பிசின் தோல் ஒன்று இருக்கும். உள்ளே எத்தனை குமிழிகள் இருந்தாலும் அந்தத் தோல் மறைத்துவிடும். வார்ப்புக் கல்லுக்குத் தோல் கிடையாது. மேலிருந்து கீழ்வரை ஒரே பொருள். கீறல் விழுந்தால் உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் புதிதாக்கிக்கொள்ளலாம் என்பதே அதன் பெருமை. அந்தப் பெருமையே அதன் சோதனையும் ஆகிறது. தேய்க்கத் தேய்க்க உள்ளே மறைந்திருந்த குமிழி ஒவ்வொன்றும் பாதியாக வெட்டுண்டு குழியாக வெளியே தெரியும். அக்குழியில் காப்பிக் கறை தங்கும், எண்ணெய் தங்கும், கிருமியும் தங்கும். அறுவைக்கூடத்துக்கென்று வாங்கிய மேசையில் கிருமி குடியிருக்க இடமிருந்தால் அந்த மேசையால் பயன் என்ன?

அழகும் தூய்மையும் ஒருபுறம் இருக்க, வலிமையும் குறைகிறது. பொருளை வளைக்கும்போது குமிழியின் விளிம்பில் தகைவு குவிகிறது. விரிசல் அங்கேதான் தொடங்கும். இதற்கு மருத்துவத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. செயற்கை இடுப்பு மூட்டை எலும்பில் பொருத்தப் பயன்படும் எலும்புச் சிமெண்டும் இதே அக்ரிலிக் இனத்தைச் சேர்ந்ததுதான். முதலில் அதனைக் கிண்ணத்தில் கரண்டியால் கலந்தார்கள். வெற்றிடத்தில் கலந்தால் அதன் வலிமை கூடுகிறது என்று ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் 1984-இல் எடுத்துக்காட்டினர். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது குமிழிக்கும் பொருந்தும்.

காற்று எப்படி உள்ளே வருகிறது?

முதல் வழி, தூள். ஒரு லிட்டர் தூள் ஒரு கிலோ எடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் உண்மை அடர்த்தி ஏறத்தாழ 2.4. எனவே ஒரு கிலோ தூளின் மெய்யான கன அளவு 0.4 லிட்டருக்குச் சற்று மேல்தான். மீதி 0.6 லிட்டருக்குச் சற்றுக் குறைவான இடம் துகள்களுக்கு இடையே உள்ள காற்று. நூறு கிலோ தூளைக் கொட்டினால் அதனுடன் சுமார் 58 லிட்டர் காற்றையும் சேர்த்தே கொட்டுகிறோம்.

இரண்டாம் வழி, கலக்குதல். மோரைக் கடையும்போது நுரை எழுவதைப்போல, சுழலும் தண்டு மேற்பரப்புக் காற்றை உள்ளே இழுத்துப் பொடிப்பொடியாக்குகிறது. மூன்றாம் வழி, கரைந்திருக்கும் காற்று. ஹென்றி விதிப்படி ஒரு நீர்மத்தில் கரையும் வாயுவின் அளவு, அதன்மேல் அவ்வாயு செலுத்தும் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். திறந்து வைத்த பிசினிலும் காற்று கரைந்தே இருக்கிறது.

குமிழி இலேசானதுதானே, தானே மேலே வந்துவிடாதா என்று கேட்கலாம். வரும், ஆனால் எப்போது வரும் என்பதை ஸ்டோக்ஸ் விதி சொல்லும். குமிழி ஏறும் வேகம் அதன் ஆரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும், நீர்மத்தின் பாகுநிலைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். கலவையின் அடர்த்தி 1.7 என்றும், பாகுநிலை தண்ணீரைப்போல் 20,000 மடங்கு என்றும் கொள்வோம். 0.1 மி.மீ. விட்டமுள்ள குமிழி ஒரு மணி நேரத்தில் ஏறும் தொலைவு ஏறத்தாழ 1.7 மி.மீ. மட்டுமே. 12 மி.மீ. கனமுள்ள பலகையில் அடியிலிருந்து மேலே வர ஏழு மணி நேரம் வேண்டும். ஆனால் பெராக்சைடு சேர்த்த கலவையோ அரைமணி நேரத்தில்கூட இறுகிவிடும். குமிழி பாதி வழியில் சிறைப்பட்டுக் கல்லோடு கல்லாகி விடுகிறது.

வெற்றிடம் செய்யும் உதவி

இங்கேதான் பாயில் நமக்குத் துணைக்கு வருகிறார். 1662-இல் அவர் வெளியிட்ட விதிப்படி, வெப்பநிலை மாறாதிருக்க, அழுத்தம் குறைந்தால் வாயுவின் கன அளவு அதே விகிதத்தில் கூடும். கலத்தினுள் அழுத்தத்தை 760 மி.மீ. பாதரசத்திலிருந்து 38 மி.மீ.-க்குக் குறைத்தால், அதாவது இருபதில் ஒரு பங்காக்கினால், மேற்பரப்பை ஒட்டிய குமிழி இருபது மடங்கு பருக்கிறது. ஆரம் 2.7 மடங்கு ஆகிறது. ஆரத்தின் வர்க்கமோ 7.4 மடங்கு. எனவே ஏறும் வேகமும் ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது. பருத்த குமிழிகள் அண்டைக் குமிழிகளோடு சேர்ந்து இன்னும் பெரிதாகி மேற்பரப்பில் வந்து உடைகின்றன. கரைந்திருந்த காற்றும் ஹென்றி விதிப்படி வெளியேறுகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. வெளியேறாமல் தங்கிவிட்ட குமிழி, வால்வைத் திறந்து காற்றை உள்ளே விட்டதும், பழைய பருமனில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆக, வெளியேற்ற முடிந்ததை வெளியேற்றுகிறோம், முடியாததைச் சிறிதாக்குகிறோம்.

அப்படியானால் கலவையைக் கலத்தில் ஊற்றி, மூடி, பம்பை ஓட்டினால் போதாதா? எதற்காக உள்ளே கலக்கும் தண்டு? இதுவே இந்த எந்திரத்தின் உயிர்நிலைக் கேள்வி. கலத்தில் கலவை அரை மீட்டர் ஆழம் இருக்கிறது என்போம். அடியில் உள்ள குமிழியின்மேல் அந்த அரை மீட்டர் கலவையின் பாரமும் அழுத்துகிறது. 1.7 அடர்த்தியுள்ள கலவை 50 செ.மீ. உயரம் நின்றால் அதன் அழுத்தம் சுமார் 62 மி.மீ. பாதரசத்துக்குச் சமம். ஆகவே பம்பு 38 மி.மீ. காட்டினாலும் அடிக்குமிழி உணரும் அழுத்தம் 100 மி.மீ. அது இருபது மடங்கு பருப்பதில்லை. ஏறத்தாழ எட்டு மடங்கே பருக்கிறது. மேற்பரப்பில் கிடைக்கும் ஏழு மடங்கு வேகத்தையே அதற்குக் கொடுத்தாலும், அரை மீட்டர் ஏறி வர நாற்பது மணி நேரம் ஆகும். எனவே குமிழி மேலே வரும்வரை காத்திராமல், அடியில் உள்ள கலவையையே மேலே கொண்டுவந்து மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். அதைச் செய்வதுதான் கலக்கும் தண்டு. வெற்றிடமும் கலக்குதலும் சேர்ந்தே இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

எந்திரத்தின் அமைப்பு

எந்திரத்தின் உடல் துருப்பிடிக்காத எஃகுக் கலம். அதன் மூடி தட்டையாக இல்லாமல் கவிழ்த்த கிண்ணம்போல் வளைந்திருக்கும். காரணம் உண்டு. ஒரு மீட்டர் விட்டமுள்ள மூடியின்மேல் வெளிக்காற்று அழுத்தும் விசை ஏழரை டன்னுக்கும் அதிகம். ஜெர்மனியில் ஆட்டோ வான் கெரிக் இரண்டு அரைக்கோளங்களை ஒட்டி, இடையிலிருந்த காற்றை வெளியேற்றிக் காட்டியதைப் படித்திருக்கிறோம். குதிரைகளைப் பூட்டி இழுத்தும் பிரியாத அரைக்கோளங்களுக்கு வேலை செய்த அதே விசைதான் இந்த மூடியை அமுக்கிப் பிடித்திருக்கிறது.

கலத்தினுள் ஒன்றோ இரண்டோ தண்டுகள். சிறந்த வகைகளில் தண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, கலத்தின் நடுவையும் சுற்றி வரும், பூமி தன் அச்சில் சுழன்றவாறே சூரியனைச் சுற்றுவதைப்போல. சுவரில் ஒட்டிய கலவையைச் சுரண்டி எடுக்கத் தனி அலகு ஒன்று உண்டு. கலத்தின் வெளிச்சுவரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறை இருக்கும். உள்ளே நடப்பதைப் பார்க்க மூடியில் கண்ணாடிச் சாளரம் இருக்கும். வெற்றிடத்தில் கலவை பால் பொங்குவதைப்போலப் பொங்கி எழும். ஆதலால் கலத்தை நிறைய நிரப்பாமல் பாதி அளவோடு நிறுத்துவது வழக்கம்.

தண்டு கலத்துக்குள் நுழையும் இடமே இந்த எந்திரத்தின் பலவீனம். அங்குள்ள அடைப்பு தேய்ந்தால் உள்ளிருப்பது வெளியே ஒழுகாது. வெளிக்காற்று உள்ளே புகும். அந்த ஓட்டை கலவை மட்டத்துக்குக் கீழே அமைந்துவிட்டால், பம்பு குமிழிகளை நீக்கிக்கொண்டே இருக்க, ஓட்டை புதுக் குமிழிகளை ஊட்டிக்கொண்டே இருக்கும். காலிக் கலத்தில் வெற்றிடம் உண்டாக்கி, வால்வை மூடி, பம்பை நிறுத்தி, முள் இறங்குகிறதா என்று பார்த்தால் ஓட்டை உண்டா என்பது தெரிந்துவிடும்.

முள்ளைப் பற்றியும் ஒரு சொல். சாதாரண வெற்றிட மானி, வெளி அழுத்தத்துக்கும் உள் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டும். கடற்கரையில் இருக்கும் சென்னையில் 28 அங்குலம் காட்டினால் உள்ளே மீதி இருப்பது சுமார் 50 மி.மீ. ஆனால் உதகமண்டலத்தில் காற்றழுத்தமே ஏறத்தாழ 580 மி.மீ., அதாவது 23 அங்குலம்தான். அங்கே எவ்வளவு நல்ல பம்பைப் பூட்டினாலும் முள் 23-ஐத் தாண்டாது. அதைப் பார்த்துப் பம்பு கெட்டுவிட்டது என்று முடிவு செய்வது தவறாகும்.

எல்லை மீறினால்

வெற்றிடம் நல்லதென்றால் முழு வெற்றிடம் மிக நல்லதல்லவா என்று தோன்றும். அப்படியன்று. மெதில் மெதாக்ரிலேட் சாதாரண அழுத்தத்தில் 100 பாகை அளவில் கொதிக்கிறது. அதன் ஆவி அழுத்தம் 20 பாகையில் சுமார் 30 மி.மீ.; 25 பாகையில் சுமார் 38 மி.மீ. கலத்தின் அழுத்தம் ஆவி அழுத்தத்துக்குச் சமமானால் நீர்மம் கொதிக்கும் என்பது நாம் அறிந்ததே. எனவே முன்னே கண்ட 38 மி.மீ. வெற்றிடத்தில், 25 பாகையிலேயே அது கொதிக்கத் தொடங்கிவிடும். கண்ணாடி வழியே பார்ப்பவர், ‘இன்னும் காற்று வருகிறது’ என்று நினைத்துப் பம்பை ஓட்டிக்கொண்டே இருப்பார். உண்மையில் வருவது காற்றன்று, விலை கொடுத்து வாங்கிய மூலப்பொருள். கலவையின் விகிதம் மாறும், பாகுநிலை கூடும். நம் ஊர் வெயிலுக்கு உறையில் குளிர்நீர் ஓட வேண்டியதன் அவசியம் இதனால் விளங்கும். ஸ்டைரீனின் ஆவி அழுத்தம் 20 பாகையில் சுமார் 5 மி.மீ. மட்டுமே. ஆதலால் பாலியெஸ்டர் கலவையில் இன்னும் ஆழமான வெற்றிடத்துக்கு இடமுண்டு. ஆனால் தூளில் ஈரம் இருந்தால் அதுவும் தன் பங்குக்குக் கொதிக்கும். தண்ணீரின் ஆவி அழுத்தம் 20 பாகையில் 17.5 மி.மீ. அன்றோ?

வேதியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது மற்றொன்று. மெதில் மெதாக்ரிலேட் சேமிப்பில் தானே இறுகிவிடாதபடி அதில் ஒரு தடுப்பானைச் சிறிதளவு சேர்த்திருப்பார்கள். அத்தடுப்பான் வேலை செய்யக் கரைந்த ஆக்சிஜனும் வேண்டும். காற்றை வெளியேற்றும்போது ஆக்சிஜனும் போய்விடுகிறது, தடுப்பான் வலுவிழக்கிறது. ஆகவே காற்று நீக்கிய கலவையைக் கலத்திலேயே போட்டு வைக்கலாகாது. பெராக்சைடைச் சேர்த்த பிறகோ காலம் இன்னும் குறைவு. அதனால்தான் பிசின், நிறம், தூள் எல்லாவற்றையும் கலந்து காற்று நீக்கிய பின்னர், கடைசியாகப் பெராக்சைடைச் சேர்த்துச் சிறிது நேரம் கலந்து, தாமதமின்றி வார்க்கிறார்கள். பாலியெஸ்டர் வேலையில் கோபால்ட் முடுக்கியையும் பெராக்சைடையும் நேருக்கு நேர் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, வெடிக்கும். ஒன்றைப் பிசினில் முழுதும் கலந்த பிறகே மற்றொன்றைச் சேர்க்க வேண்டும்.

வார்க்கும்போதும் கவனம் தேவை. உயரத்திலிருந்து ஊற்றினால் பாடுபட்டு வெளியேற்றிய காற்று மீண்டும் புகுந்துவிடும். கலத்தின் அடிவால்விலிருந்து குழாய் வழியே அச்சின் அருகில் விட்டு, அச்சை இலேசாக அதிரச் செய்கிறார்கள்.

தொழிலாளியின் மூச்சு

என் அண்ணன் ஒரு சிறு வார்ப்புப் பட்டறையில் வேலை செய்கிறார். அங்கே வெற்றிட எந்திரம் இல்லை. திறந்த டிரம்மில் பிசினையும் தூளையும் போட்டு, டிரில்லிங் மெஷினில் கலக்கும் கம்பியைப் பூட்டிக் கலக்குகிறார்கள். வார்த்த தொட்டியைத் தேய்த்தபின் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியிலும் பிசினால் பட்டி பார்த்து, மீண்டும் உப்புத்தாள் போட வேண்டும். வார்ப்பதற்கு ஆகும் நேரத்தைவிடக் குழி அடைப்பதற்கே அதிக நேரம் ஆகிறது என்று அண்ணன் சொல்வார். ஸ்டைரீன் வாடை துவைத்த சட்டையிலும் போவதில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2018-இல் ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று பெரிதும் கருதத்தக்க பொருள்களின் வரிசையில் சேர்த்தது. மூடிய கலத்தில் கலப்பது கல்லுக்கு மட்டுமன்று, கலப்பவருக்கும் நன்மை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. பம்பு கலத்திலிருந்து இழுப்பது காற்றை மட்டுமன்று, ஆவியையும்தான். அந்த ஆவி எங்கே போகிறது? பம்பின் வெளிக்குழாய் பட்டறைக்குள்ளேயே திறந்திருந்தால், டிரம்மிலிருந்து எழுந்த ஆவி இப்போது குழாய் வழியே எழுகிறது, அவ்வளவே வேறுபாடு. கலத்துக்கும் பம்புக்கும் இடையே குளிர்பொறி ஒன்றை வைத்து ஆவியை நீர்மமாக்கிப் பிடிக்க வேண்டும். மிஞ்சியதை வெளியே, ஆள் நடமாட்டமில்லாத பக்கம் விடவேண்டும். குளிர்பொறி இல்லாவிட்டால் ஆவி பம்பின் எண்ணெயில் கரைந்து பம்பையும் கெடுக்கும். ஆகவே முதலாளியின் பம்பைக் காப்பதும் தொழிலாளியின் நுரையீரலைக் காப்பதும் ஒரே கருவிதான்.

வார்ப்புக் கல்லை, ‘குவார்ட்ஸ்’ என்று விற்கப்படும் மற்றொரு செயற்கைக் கல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இத்தாலி நாட்டு பிரெட்டான் நிறுவனம் வளர்த்த முறையில், குவார்ட்ஸ் துகளைப் பிசினோடு சேர்த்து வெற்றிடத்தில் அதிர்வூட்டி அழுத்திச் செய்வது அது. அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா இருக்கலாம். அதனை உலர் நிலையில் வெட்டும்போது எழும் நுண்தூசி சிலிக்கோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோயைத் தருகிறது. இளைஞர் பலர் இந்நோய்க்கு ஆளானதைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அவ்வகைக் கல்லுக்குத் தடை விதித்தது. அலுமினியம் டிரைஹைட்ரேட் சிலிக்கா அன்று. எனினும் எந்தத் தூசியும் நுரையீரலுக்கு உணவாகாது. தேய்க்கும் இடத்தில் தண்ணீரும், தூசி இழுக்கும் கருவியும், முகமூடியும் எக்கல்லுக்கும் வேண்டும்.

முடிவுரை

பாயில் விதி, ஹென்றி விதி, ஸ்டோக்ஸ் விதி, ஆவி அழுத்தம் என்று தனித்தனிப் பாடங்களாக நாம் படிப்பவை எல்லாம் ஓர் எஃகுக் கலத்துக்குள் ஒரே நேரத்தில் வேலை செய்வதைக் கண்டோம். ஒரு விதியை மட்டும் அறிந்தவர் பம்பைப் பெரிதாக்குவார். மற்றதையும் அறிந்தவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்வார். சிறு பட்டறைகளில் இத்தகைய எந்திரம் இல்லாமைக்குப் பணம் ஒரு காரணம். ஆனால் குழி அடைக்கும் கூலியையும், வீணாகும் பிசினையும், தொழிலாளி இழக்கும் நலத்தையும் கூட்டிப் பார்த்தால், எந்திரத்தின் விலை அவ்வளவு பெரிதாகத் தோன்றாது. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டக்கூடியவர்கள் விஞ்ஞானம் படித்த நாமே. தேர்வுத்தாளில் எழுதும் விதிகளைத் தெருக்கோடிப் பட்டறைவரை கொண்டு செல்வது நம் கடமையாகும்.